கார் விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கிளெய்ம்: சென்னையில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

விபத்து நடந்த உடனே பெரும்பாலானோர் முதலில் அழைப்பது மெக்கானிக்கை, அடுத்து மைத்துனரை. இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் நினைவு மறுநாள்தான் வருகிறது, சில வேளை அடுத்த வாரம். ஒரு வொர்க்‌ஷாப்பில் கிளெய்ம் வேலையைக் கவனிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த வரிசை குலைந்ததால் வந்தவை.

காகிதம் இல்லாததால் நிற்கும் கிளெய்ம் குறைவு. கேட்டால் கொண்டுவந்து கொடுத்துவிடலாம். ஒரு காகிதம் சொல்வதை இன்னொன்று மறுக்கும்போதுதான் கோப்பு நகராமல் கிடக்கும். தொலைபேசியில் இரவு எட்டு மணி என்றவர் படிவத்தில் பத்து என்று எழுதியிருப்பார். போலீஸ் ரசீதில் ஓட்டியவர் மகன். கிளெய்ம் படிவத்தில் அப்பா. கீழே சொல்லும் படிகளெல்லாம் ஒன்றைக் குறிவைத்தவைதான்: நடந்தது நடந்தபடி, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பதிவாக வேண்டும்.

1. விபத்துக்கு முன்பே பார்த்து வைக்க வேண்டியவை

பாலிசியை எடுத்து இரண்டு காலாவதித் தேதிகளைத் தேடுங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார் வாங்குவோருக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் காயத்துக்கும் சேதத்துக்குமான பகுதி, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தரப்படுகிறது. உங்கள் காரின் சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே. "மூன்று வருடப் பாலிசி இருக்கிறதே" என்று நம்பி, இரண்டாம் ஆண்டில் மோதிவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. போலீஸ் அபராதம் வராது. பம்பருக்கு ஒரு ரூபாயும் வராது.

பழைய கார் வாங்கியவர்கள் பெயரைப் பாருங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறி, பாலிசி முந்தைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தால், மூன்றாம் நபர் பொறுப்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவின்படி வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். சொந்தச் சேதப் பகுதி அப்படி வராது. உரிமை மாறிய 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். கார் வாங்கித் தரும் இடைத்தரகர் இதைச் சொல்ல மாட்டார். அவர் வேலை அன்றோடு முடிந்துவிட்டது.

கேஸ் கிட் பொருத்திய காரென்றால் அது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறியிருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தின் காலாவதித் தேதியையும், வீட்டில் அந்தக் காரை ஓட்டும் மற்றவர்களின் உரிமத்தையும் ஒருமுறை பாருங்கள். ஆவணங்களை டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் செயலியிலோ வைத்திருந்தால் போதும். சட்டப்படி அவை செல்லும். புகைச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்பதற்காகப் பலர் கிளெய்மே போடாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தக் காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020இலேயே தெளிவுபடுத்திவிட்டது. போலீஸ் அபராதம் வேறு கதை.

2. முதல் பத்து நிமிடம்: ஆள் முதலில், வண்டி பிறகு

நிறுத்துங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் மருத்துவ உதவிக்கு வழி செய்வதும் போலீசுக்குச் சொல்வதும் 134ஆவது பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. ஆம்புலன்சுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112, சென்னைப் போக்குவரத்துப் போலீசுக்கு 103. தேசிய நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் 1033.

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட அரசு, தனியார் மருத்துவமனைகள் இதில் உண்டு. "அட்வான்ஸ் யார் கட்டுவது" என்று சாலையில் நின்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆம்புலன்சை அழைக்கும்போதே திட்டத்தின் பெயரைச் சொல்லி, அதில் சேர்ந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கூட்டம் கூடிவிடும். சென்னையில் இரண்டு நிமிடத்தில் கூடும். கூட்டம் கொதித்து, நிற்பதே ஆபத்து என்றானால் அங்கே நின்றே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; அதே 134ஆவது பிரிவு இந்த விதிவிலக்கையும் தருகிறது. ஆனால் அங்கிருந்து கிளம்பினால் நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும், வீட்டுக்கு அல்ல. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் போனால் 'நிற்காமல் போய்விட்டார்' என்று எழுதப்படும். அந்தச் சொல்லைப் பிறகு அழிப்பது கடினம்.

இன்ஜினை அணையுங்கள். அபாய விளக்கைப் போடுங்கள். "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று உடனே சாவியைத் திருகாதீர்கள். காரணம் 7ஆம் பகுதியில்.

3. படம் எடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு

நசுங்கிய இடத்தை மட்டும் நெருக்கமாகப் பத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதில் எந்தக் கார், எந்தச் சாலை என்று ஒன்றும் தெரியாது. தூரத்திலிருந்து தொடங்கி நெருங்கி வாருங்கள்.

முதலில் சாலையோடு சேர்த்து இரண்டு வண்டிகளும், நின்ற இடத்திலேயே. பின்னணியில் அடையாளம் ஏதாவது விழட்டும்: மேம்பாலத் தூண் எண், கடைப் பலகை, மெட்ரோ பணித் தடுப்பு. பிறகு காரின் நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு படம், எண் பலகை தெரியும்படி. அடிபடாத பக்கமும் வேண்டும். அந்தப் பக்கத்தில் அன்று சேதம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதன் பிறகு சேதம், அருகிலிருந்து. கடைசியாக ஓடோமீட்டர், கண்ணாடியின் கீழோ கதவுச் சட்டத்திலோ இருக்கும் சேசிஸ் எண், ஏர்பேக் விரிந்திருந்தால் அது, கீழே ஒழுகிய திரவம்.

எதிர் வண்டியின் எண் பலகையை எழுதிக்கொள்வதோடு நிறுத்தாமல் படமும் எடுங்கள். பதற்றத்தில் 'பி'யும் 'டி'யும் மாறிவிடும். அந்த ஓட்டுநரின் பெயர், உரிமம், அவரது இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றையும் கேளுங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம், எண் போதும். பரிவாஹன் தளத்தில் வாகன எண்ணைக் கொண்டு பாலிசி விவரத்தைப் பார்க்கலாம்.

டேஷ் கேமரா இருந்தால் அட்டையைக் கழற்றிவிடுங்கள், அல்லது அந்தக் காட்சியைத் தனியாகச் சேமியுங்கள். அது தானாகவே பழையதை அழித்துப் புதியதைப் பதியும். எதிரிலுள்ள கடையின் சிசிடிவியும் அப்படித்தான். சில நாட்களில் போய்விடும். அன்றே கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் தருவார்.

4. சாலையோரச் சமரசம்

கூட்டத்தில் ஒருவர் தானாகவே நடுவராகிவிடுவார். "இருபதாயிரம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் சார், போலீஸ், கேஸ் எல்லாம் எதற்கு" என்பார். நல்ல மனிதராகவே இருக்கலாம். இருந்தாலும் உங்கள் பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: நிறுவனத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் நீங்கள் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, தரவோ கூடாது. ஒரு நோட்டுத் தாளில் 'தவறு என்னுடையது, செலவை ஏற்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால், பிறகு மூன்றாம் நபர் வழக்கு வரும்போது அந்தத் தாள்தான் முதலில் வந்து நிற்கும். மன்னிப்புக் கேட்பது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு.

மறுபக்கமும் உண்டு. மோதியவர் உங்களுக்குப் பணம் தந்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு உங்கள் நிறுவனத்திடம் கிளெய்ம் கேட்டால், அவரிடமிருந்து வசூலிக்கும் வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள் என்று அவர்கள் மறுக்க இடம் இருக்கிறது. எழுத்தில் எதுவும் கொடுக்காதீர்கள்.

யாருக்கும் அடியில்லை, இரண்டு பக்கமும் கீறல் மட்டும் என்றால், அவரவர் செலவு அவரவருக்கு என்று பிரிந்து போவதில் தவறொன்றும் இல்லை. ஸ்கூட்டரில் வந்தவர் விழுந்து எழுந்து "ஒன்றும் இல்லை" என்று சொல்வதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். மறுநாள் அவர் மணிக்கட்டு வீங்கியிருக்கும்.

5. போலீஸ்: எப்போது, எந்த நிலையம்

சுவரில் இடித்தீர்கள், தூணில் உரசினீர்கள், வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றால் வழக்கமாகப் போலீஸ் ரசீது இல்லாமலே சொந்தச் சேதக் கிளெய்ம் முடிந்துவிடும். யாருக்காவது காயம், மரணம், அடுத்தவர் சொத்துக்குப் பெரிய சேதம், மோதிவிட்டு நிற்காமல் ஓடிய வண்டி, அல்லது யாரோ வேண்டுமென்றே கண்ணாடியை உடைத்தது என்றால் போலீஸ் பதிவு வேண்டும். காயம் பட்ட விபத்தில், சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து நிலையத்தில் தெரிவிப்பது சட்டக் கடமை.

சென்னையில் புதியவர்கள் அலைவது இங்கேதான். சட்டம் ஒழுங்கு காவல் நிலையத்துக்குப் போய் ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு, "இது இங்கே இல்லை, டிராஃபிக் இன்வெஸ்டிகேஷன் போங்கள்" என்பார்கள். மாநகரில் சாலை விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. அதற்குத் தனி எல்லை, தனி அலுவலகம். தாம்பரம், ஆவடி ஆகியவை 2022 முதல் தனிக் காவல் ஆணையரகங்கள். ஒரே சாலையில் சில நூறு மீட்டர் தள்ளி நடந்திருந்தால் எல்லை மாறிவிடலாம். 103ஐ அழைத்து, இடத்தைச் சொல்லி, எந்தப் புலனாய்வுப் பிரிவு என்று கேட்டுக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும்.

புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள்; வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். வாங்கியவுடன் அங்கேயே நின்று படியுங்கள். வாகன எண், தேதி, நேரம், இடம், ஓட்டியவர் பெயர்: இந்த ஐந்தும் சரியா என்று பாருங்கள். எண்ணில் ஒரு இலக்கம் தவறாக இருந்தால் அப்போதே திருத்தக் கேட்பது எளிது. இரண்டு வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் நிறுவனம் கண்டுபிடித்து உங்களைத் திருப்பி அனுப்பும்போது, அதை எழுதிய காவலர் பந்தோபஸ்துப் பணிக்குப் போயிருப்பார். எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் எடுக்கலாம்.

வழக்குப் பதிவானால் வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மோட்டார் வாகன ஆய்வாளர் சோதிக்க வேண்டும். பிரேக் வேலை செய்ததா, ஸ்டீயரிங் சரியாக இருந்ததா என்று அவர் சான்று தருவார். நடைமுறைகள் முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று 136ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஆய்வு முடியும்வரை ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாதீர்கள்.

6. கிளெய்ம் போடலாமா, கைப்பணத்தில் முடிக்கலாமா

அடுத்தவருக்குக் காயமோ சேதமோ இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நிறுவனத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உங்கள் கார் மட்டும் என்றால், தெரிவிக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு நோ கிளெய்ம் போனஸாகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு கிளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யம். சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய், நீங்கள் 50 சதவீதத்தில் இருக்கிறீர்கள், 6,000 கட்டுகிறீர்கள் என்று வைப்போம். கிளெய்முக்குப் பிறகு முதல் ஆண்டு 12,000; பிறகு 9,600, 9,000, 7,800, 6,600 என்று இறங்கி ஆறாம் ஆண்டில்தான் மீண்டும் 6,000. பிரீமியம் மாறவில்லை என்று கொண்டால் கூடுதலாகப் போவது மொத்தம் 15,000 ரூபாய். கார் பழசாகப் பிரீமியம் குறையும் என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். இத்தோடு ஒவ்வொரு கிளெய்மிலும் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் கட்டாயக் கழிவாக உங்கள் கையிலிருந்து போகும்.

ஆகவே ஆறாயிரம் ரூபாய் டிங்கர், பெயிண்ட் வேலைக்குக் கிளெய்ம் போடாதீர்கள். வொர்க்‌ஷாப்பில் "இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாம் சார்" என்று சொல்வது எங்களுக்கு வசதி; உங்களுக்கு நட்டம். போனஸைக் காக்கும் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் கணக்கு மாறும். பாலிசியில் எத்தனை கிளெய்ம் வரை என்று பாருங்கள்.

7. காரை நகர்த்தும் முன்

பாலிசியின் இன்னொரு நிபந்தனை: விபத்துக்குப் பிறகு பழுதுபார்க்காமல் ஓட்டி, அதனால் சேதம் கூடினால், கூடிய பகுதி உங்கள் பொறுப்பு. இது எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். முன் பம்பர் உள்ளே போயிருக்கிறது, பார்க்கப் பெரிய அடியில்லை. அதன் பின்னால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் ஒரு பிளவு. பச்சையோ ரோஸோ நிறத்தில் கூலன்ட் சொட்டுகிறது, ஏ.சி. தண்ணீர் என்று நினைக்கிறார்கள். கிண்டியில் மோதியவர் "வண்டி ஓடுகிறதே" என்று பூந்தமல்லி வரை ஓட்டி வருகிறார். வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டதைக் கவனிக்கவில்லை. ஹெட் கேஸ்கெட் போய், இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் பணம் வரும். இன்ஜினுக்கு வராது, அது விபத்தால் வந்ததல்ல, ஓட்டியதால் வந்தது என்று, சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் எழுதுவார். அவர் எழுதுவது சரிதான்.

மழைநீரில் நின்ற காரும் இதே கதைதான். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தண்ணீர் இறங்கியதும் சாவியைத் திருகி, உள்ளே போன நீரோடு இன்ஜினைச் சுற்ற வைத்தால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜின் காப்பு தனியாக எடுக்காதவருக்கு இழப்பீடு கிடைப்பது அரிது.

கீழே எதுவும் ஒழுகவில்லை, சக்கரம் எங்கும் உரசவில்லை, விளக்குகள் எரிகின்றன, ஸ்டீயரிங் நேராக இருக்கிறது என்றால் மட்டும் ஓட்டிச் செல்லுங்கள். இல்லையென்றால் ரெக்கவரி வண்டி. சாதாரணப் பாலிசியில் இழுவைக்கு 1,500 ரூபாய் வரை தருவார்கள், அதற்கு ரசீது வேண்டும். சாலையோர உதவிக் காப்பு இருந்தால் நிறுவனத்தின் எண்ணிலேயே கேளுங்கள். பக்கத்தில் தானாக வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம், எங்கே கொண்டுபோகிறார், எவ்வளவு என்று தீர்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

8. நிறுவனத்துக்குத் தெரிவித்தல்

அன்றே. ஏஜென்டிடம் சொன்னேன், கார் வாங்கிய ஷோரூமில் சொன்னேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. நிறுவனத்தின் எண்ணிலோ செயலியிலோ தெரிவித்து, கிளெய்ம் எண்ணைப் பெற்ற பிறகுதான் தெரிவித்ததாகும்.

பேசும் முன் ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, நேரம்; இடம், அடையாளத்தோடு; ஓட்டியவர் யார்; எப்படி நடந்தது, இரண்டு வாக்கியத்தில்; கார் இப்போது எங்கே. அதைப் பார்த்துப் படியுங்கள். அந்த அழைப்பு பதிவாகிறது. பிறகு கிளெய்ம் படிவத்தை நிரப்பும்போதும் சர்வேயரிடம் பேசும்போதும் இதே தாள்தான் உங்கள் மூலம். தெரியாததை ஊகித்துச் சொல்ல வேண்டாம். எதிர் வண்டியின் வேகம் உங்களுக்குத் தெரியாது.

ஓட்டியவர் பெயரை மாற்றிச் சொல்வதுதான் நான் பார்க்கும் தவறுகளிலேயே மோசமானது. உரிமம் இல்லாத மகன் ஓட்டினான், அப்பா ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்று குடும்பமே கூடி முடிவெடுக்கும். மருத்துவமனைப் பதிவு, சுங்கச்சாவடிப் படம், அப்பா அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருந்தது என்று ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கும். உரிமம் இல்லாததால் மறுக்கப்படுவது ஒரு கிளெய்மின் இழப்பு. பொய் சொன்னதால் மறுக்கப்பட்டால் மோசடி என்று பதிவாகும். மூன்றாம் நபர் வழக்கிலும் அது உங்களைத் துரத்தும்.

மருத்துவமனையில் கிடந்ததால் தாமதமாகிவிட்டதா? காரணத்தோடு எழுதித் தெரிவியுங்கள். தாமதம் ஒன்றை மட்டும் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011லேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

9. வொர்க்‌ஷாப், எஸ்டிமேட், சர்வேயர்

நிறுவனத்தின் வலைப்பின்னலில் உள்ள வொர்க்‌ஷாப் என்றால் கேஷ்லெஸ்: உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும். உங்கள் பழக்கமான மெக்கானிக்கிடமே விட விரும்பினால் விடலாம். முழுத் தொகையையும் கட்டி, பில்லைக் கொடுத்துப் பிறகு வாங்க வேண்டும். அந்த மெக்கானிக் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் தருவாரா என்று முன்னாலேயே கேளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய கணக்குக்கு நிறுவனம் பணம் தராது.

சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றக் கூடாது. 2024இல் வந்த விதிகளின்படி, தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும். 15 நாட்களுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். சேதம் 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் உரிமம் பெற்ற சர்வேயர் தேவை. சிறிய சேதங்களைப் படம், காணொளி வழியாகவே முடித்துவிடுகிறார்கள்.

சர்வேயர் வரும்போது முடிந்தால் நீங்களும் இருங்கள். அவர் முதலில் காரைச் சுற்றி நடப்பார், ஒன்றும் பேச மாட்டார். கீறலின் திசையைப் பார்ப்பார்: முன்னிருந்து பின்னா, பின்னிருந்து முன்னா. தரையிலிருந்து அடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கையை வைத்துப் பார்ப்பார். ஆட்டோவில் மோதியதாகச் சொன்னால் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார். பள்ளத்தின் விளிம்பை விரலால் தேய்ப்பார்; நேற்று நடந்த அடியில் துரு இருக்காது, பழைய அடியில் பழுப்புத் தூள் விரலில் ஒட்டும். "இதோடு அந்தப் பின் கதவையும் சேர்த்துவிடுங்கள் சார்" என்று வாடிக்கையாளர் சொல்லும் அந்த நொடியில், அவர் முழுக் கோப்பையும் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்குகிறார். முன்பக்க அடி ஒரு விபத்து, பின் கதவுக் கீறல் இன்னொரு விபத்து. இரண்டுக்கும் இரண்டு கிளெய்ம், இரண்டு கட்டாயக் கழிவு.

கழற்றிய பிறகு உள்ளே புதிய சேதம் தெரிவது சகஜம்: கண்டென்சர், சஸ்பென்ஷன் ஆர்ம், சேசிஸ் முனை. வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லி, துணை எஸ்டிமேட் போட்டு, சர்வேயர் மீண்டும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு தொடரச் சொல்லுங்கள். "முடித்துவிட்டு பில்லில் சேர்க்கிறேன்" என்று வொர்க்‌ஷாப் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சர்வேயர் பார்க்காத பாகத்தின் விலை உங்கள் தலையில்தான் விழும்.

10. எவ்வளவு வரும்

தேய்மானம்தான் இங்கே விளையாடுகிறது. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்குப் பாதி கழியும். ஃபைபர் கிளாஸ் 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதுப்படி: ஆறு மாதம் வரை இல்லை, ஓராண்டு வரை 5, இரண்டாண்டு வரை 10, மூன்றாண்டு வரை 15, நான்காண்டு வரை 25, ஐந்தாண்டு வரை 35, பத்தாண்டு வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். பெயிண்ட் பில்லில் கால்பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள்.

மூன்றரை வயதுக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம், ஜி.எஸ்.டி.யை விட்டுவிட்டு. பம்பர் 6,000, பானட் 10,000, முன் கண்ணாடி 7,000, பெயிண்ட் 12,000, கூலி 5,000, ஆக 40,000. பம்பருக்கு 3,000, பானட்டுக்கு 7,500, கண்ணாடிக்கு 7,000, பெயிண்டுக்கு 10,500, கூலி முழுதாக 5,000 ஒப்புக்கொள்ளப்படும். கூட்டினால் 33,000, கட்டாயக் கழிவு 1,000 போக 32,000. உங்கள் பங்கு 8,000. பம்பர் டு பம்பர் என்று ஊரில் சொல்லும், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் காப்பு இருந்தால் 39,000 கிடைக்கும். பிரீமியத்தைக் குறைக்கத் தாமாக ஒரு கழிவை ஒப்புக்கொண்டவர்களுக்கு அதுவும் சேர்ந்து போகும். பலர் இணையத்தில் பாலிசி வாங்கும்போது அதைத் தட்டிவிட்டதையே மறந்திருப்பார்கள்.

பழுதுச் செலவு, காரின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு. கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும். உடைந்த காரை யார் எடுத்துக்கொள்கிறார்கள், ஆர்.சி. என்ன ஆகிறது என்பதை எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் ஆர்.சி. இருக்கும்வரை அந்த வண்டி எங்கே ஓடினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

11. காரை எடுக்கும் நாள்

பகலில் போங்கள். டியூப் லைட்டின் கீழ் பெயிண்ட் நிற வித்தியாசம் தெரியாது. பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். பில்லில் மாற்றியதாக எழுதிய பாகம் உண்மையில் மாறியிருக்கிறதா, தட்டி நிமிர்த்திவிட்டார்களா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லலாம். ஓட்டிப் பார்த்த பிறகுதான் திருப்திக் கடிதத்தில் கையெழுத்து.

12. எதிர்த்தரப்பிடம் கேட்பது, அவர்கள் உங்களிடம் கேட்பது

உங்கள் மேல் தவறில்லை என்றாலும் காரைச் சீக்கிரம் சரிசெய்ய உங்கள் பாலிசியே குறுக்குவழி. எதிர் வண்டியின் நிறுவனம் சாலையோரத்தில் காசோலை எழுதாது, அதற்கு எஃப்.ஐ.ஆரும் தீர்ப்பாயமும் வேண்டும். சென்னையில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்கு நீதிமன்றத்தில் இயங்குகிறது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காயமோ மரணமோ இருந்தால் அந்தக் காலத்துக்குள் வக்கீலைப் பாருங்கள்.

மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால், மரணத்துக்கு 2 லட்சம், கடும் காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. காரின் உரிமையாளரே ஓட்டி உயிரிழந்தால், பாலிசியோடு சேர்ந்த தனிநபர் விபத்துக் காப்பில் 15 லட்சம் குடும்பத்துக்கு வரும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதைக் கேட்க வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நினைவூட்டுங்கள்.

உங்களுக்குத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். அன்றே நகலெடுத்து, பாலிசி, ஆர்.சி., ஓட்டியவரின் உரிமம் ஆகியவற்றோடு நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். வழக்கை நடத்த வேண்டியது அவர்கள்; ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

13. மறுத்தாலோ குறைத்தாலோ

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். தொலைபேசி எண் 155255.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனத்தின் இறுதி மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அதே விஷயத்தில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே முதலில் இங்கே, பிறகு தேவைப்பட்டால் அங்கே.

மனுவோடு பாலிசி, கிளெய்ம் எண், மறுப்புக் கடிதம், குறைதீர் அதிகாரிக்கு அனுப்பிய மின்னஞ்சல், பில்கள், படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். மேலே ஒரு பக்கத்தில் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். கோபத்தை விசாரணை நாளில் நேரில் காட்டிக்கொள்ளலாம். மனுவில் தேதிகளும் தொகையும் இருந்தால் போதும்.